ஹவ்வா உம்மாள் கழுவிக் கொடுத்த பாட்டில்

மாமனாரோடு பந்தயம் கட்டிய மருமகள் என்று ஆஃபியாவுக்குப் பெயர் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் அந்தப் பெயர் ஊரான கொன்றைவயலைத் தாண்டி அரிமளம் வரைக்கும் போய்விட்டது. போகிற வழியில் ஆளாளுக்குக் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். திருமயம் சாலையில் இருக்கிற இன்ஜினியரிங் காலேஜில் ஆஃபியாவுக்கு ஆராய்ச்சிக்கூட வேலை. தண்ணீரில் டீசலோ பெட்ரோலோ கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் சென்சார் ஒன்றை அங்கே சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். தன் மாமனார் ஜெகபர் சாதிக்கின் பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் இருக்கும் கண்ணாத்தாளின் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய் அதில் வைத்துப் பார்த்தாள். எண் எகிறியது.

பார்த்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத பெண் அவள். பங்க்கில் நாலு பேர் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கும்போதே, "மாமா, மண்ணுக்கடியில இருக்க பழைய டேங்க் கசியுது. கண்ணாத்தாக்கா கெணத்துல எண்ணெய் எறங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

ஜெகபர் சாதிக்குக்கு முகம் கறுத்துப்போனது. அளவு குறையாத பங்க் என்று சுற்றுவட்டாரத்தில் பேர் வாங்கியவர் அவர். "அந்தக் கெணத்துல எண்ணெய் இருக்குன்னு என் கண்ணு முன்னாடி காட்டு. அன்னைக்கே பழைய டேங்க மூடுறேன். காட்ட முடியலைன்னா, காலேஜுக்கு முழுக்குப் போட்டுட்டு வீட்டோட இரு" என்றார்.

"சரி மாமா" என்றாள் ஆஃபியா. ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசித்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு ஆராய்ச்சிக்கூடத்துக்குள் மட்டும்தான் உண்டு.

அந்தப் பந்தயத்துக்கு இன்றைக்குத்தான் தீர்ப்பு.

காலையில் வீட்டில் யாருமே சத்தமாகப் பேசவில்லை. மாமியார் ஹவ்வா உம்மாள் வைக்கிற பாத்திரங்கள்தான் பேசின. மகள் பாசிலாவுக்கு இடியாப்பம் ஊட்டிக்கொண்டிருந்த ஆஃபியாவின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு மாமி தொடங்கினார்.

"ஏத்தா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. தெரியாமச் சொல்லிட்டேன்னு மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. மனுசன் சரியாச் சாப்புட்டே ஒரு வாரமாச்சு."

"தெரிஞ்சுதான் சொன்னேன் மாமி."

"தெரிஞ்சே சொல்லு. ஊரு முன்னாடியா சொல்றது?"

"ஊரு குடிக்கிற தண்ணி மாமி. வேற யாரு முன்னாடி சொல்ல?"

பதில் கிடைக்காதபோது மாமிக்கு அடுப்பில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். இப்போதும் வந்தது.

ஆஃபியா வாயால் பேசினாளே தவிர, நெஞ்சுக்குள் அவளுக்கு நிம்மதி இல்லை. நிக்காஹ் முடிந்த கையோடு, படித்தது போதும் என்று இரண்டு வீட்டாரும் சொன்னார்கள். "பிள்ளை எம்.எஸ்.சி.ய முடிக்கட்டும். அப்புறம் மத்ததப் பேசுவோம்" என்று அத்தனை பேர் வாயையும் அடைத்தவர் இந்த மாமாதான். பரீட்சை நாட்களில் அவரே பைக்கில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அவரையே எதிர்த்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வலித்தது. வலித்தாலும் பின்வாங்கத் தோன்றவில்லை.

வாசலில் கணவன் வாஜித் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அத்தா என்று அவன் கூப்பிடும் அப்பாவோடு பங்க்கைப் பார்த்துக்கொள்பவன். ஒரு வாரமாக அப்பாவிடமும் பேச்சில்லை, பெண்டாட்டியிடமும் பேச்சில்லை. இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளத்துக்குக்கூடக் கொஞ்சம் சத்தம் உண்டு. அவனுக்கு அதுவும் இல்லை.

"நீ பஸ்ல முன்னாடி போ. நான் அத்தாவைக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்றான்.

"எந்தப் பக்கம் நிக்கப் போறீங்க?"

"எங்க?"

"லேப்ல."

வாஜித் ஈரத்துணியைப் பிழிந்தான். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தான். ஆஃபியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் சூர்யபிரகாஷ் சார் அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தார். சென்சார் அவருடைய பிள்ளை மாதிரி. வரைந்தது, பொருத்தியது எல்லாம் அவர். அது சொல்வது சரிதானா என்று சோதிக்கிற வேலை ஆஃபியாவுடையது.

பார்வைக்கு அது ஒரு கறுப்பு டார்ச் லைட். நுனியில் கண்ணாடி. தண்ணீருக்குள் விட்டால் ஊதா வெளிச்சம் அடிக்கும். தண்ணீரில் எண்ணெய் இருந்தால், அது அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு நீலமாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய ஒளிர்வைச் சென்சார் பிடித்து, பக்கத்திலிருக்கும் பெட்டியில் எண்ணாகக் காட்டும்.

"குடும்பத் தகராறுக்கு லேப்பைத் தொறந்துவிட்டுருக்கேன் ஆஃபியா. பிரின்சிபால் காதுக்குப் போனா என் கதி என்னன்னு யோசிச்சீங்களா?" என்றார் சார்.

"கெணத்துத் தண்ணி டெஸ்ட்டுன்னு சொல்லுங்க சார். பொய்யில்லையே."

சார் சிரித்துவிட்டார். ஆஃபியா ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாள். வெளிவெளிச்சம் பட்டால் சென்சார் குழம்பும். காய்ச்சி வடித்த நீரில் வைத்தாள், பூஜ்யம். அளந்து டீசல் கலந்த நீரில் வைத்தாள். காட்ட வேண்டிய எண்ணைக் காட்டியது. அவளுக்குத் தைரியம் வந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து கண்ணாத்தாள் இறங்கினாள். பந்தயத்தில் சம்பந்தப்பட்ட கிணற்றின் சொந்தக்காரி என்ற மிடுக்கு நடையிலேயே தெரிந்தது. பின்னாலேயே ஜெகபர் சாதிக். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஹவ்வா உம்மாள் துவைத்த வெள்ளை என்றால் அந்த ஊரில் அதற்கு மேல் வெள்ளை கிடையாது. கடைசியாக வாஜித், கையில் இரண்டு பாட்டில்களோடு.

பாட்டில்கள் ஆஃபியா முந்தின நாளே மாமாவிடம் கொடுத்தவை. அவரே தண்ணீர் மொண்டு, அவரே மூடி எடுத்துவர வேண்டும் என்பது பேச்சு.

கண்ணாத்தாள் வந்த வேகத்திலேயே பிடித்துக்கொண்டாள். "ஏம்மா ஆஃபியா, நீ ஒத்த வார்த்தை சொன்னாலும் சொன்ன, எங்க தெருவே கண்மாய்க்கரை பம்புல போயி தண்ணி சொமக்குது. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லிரு."

"சொல்லிடுறேன்க்கா."

ஜெகபர் சாதிக் நாற்காலியில் உட்காரவில்லை. பாட்டில்களை வாங்கி மேஜைமேல் வைத்தார். "இது கண்ணாத்தா கெணறு. இது நம்ம வீட்டு போர்வெல். ரெண்டும் என் கையால புடிச்சது."

"வீட்டுத் தண்ணி எதுக்கு மாமா?"

"மொதல்ல அதுல வச்சுக் காட்டு. கல்கண்டு மாதிரித் தண்ணி. ஒன் மெசினு நல்ல தண்ணிய நல்ல தண்ணின்னு சொல்லுதான்னு பாப்போம். அப்புறம் கண்ணாத்தா கெணத்துக்குப் போவோம்."

கேட்டது நியாயம்தான். எந்தச் சோதனையிலும் அதுதான் முறை. மாமா பி.யூ.சி.யோடு நிற்காமல் படித்திருந்தால் தனக்கு மேலதிகாரியாக வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே ஆஃபியா வீட்டுத் தண்ணீரில் சென்சாரை இறக்கினாள்.

எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. கண்ணாத்தாள் கிணற்றில் போன வாரம் பார்த்ததைத் தாண்டிப் போய் நின்றது.

ஆஃபியா எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தாள். அதே எண்.

ஜெகபர் சாதிக்கின் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "என் வீட்டுல எண்ணெய்க் கெணறு இருக்குன்னு தெரியாமப் போச்சேடா வாஜித்! நாம எதுக்குடா லாரி டீசலுக்குக் காத்துக் கெடக்குறோம்?"

"அப்ப நான் சொமந்ததெல்லாம் வீணா?" என்று கண்ணாத்தாள் இடுப்பில் கை வைத்தாள்.

சூர்யபிரகாஷ் சாரின் முகத்தில் ரத்தமே இல்லை.

சிரித்து முடித்த மாமா, ஆஃபியாவைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார். "போதும்த்தா. மெசினு தப்பாக் காட்டுனா நீ என்ன பண்ணுவ? வா, வீட்டுக்குப் போவோம். நடந்ததை யாரும் பேச வேணாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்தப் பரிவு அவளுக்குத் தாங்கவில்லை.

"ஒரு நிமிசம் மாமா" என்று சென்சாரை வெளியே எடுத்தாள். எடுத்த வேகத்தில் நுனி வெளிச்சம் மாமாவின் சட்டைக் கையில் விழுந்தது. விழுந்த இடம் பளீரென்று நீலமாக எரிந்தது.

ஆஃபியா அதையே பார்த்தாள். பிறகு போய் விளக்கை அணைத்தாள். சுவரிலிருந்த பெரிய ஊதா விளக்கைப் போட்டாள்.

இருட்டுக்குள் ஜெகபர் சாதிக் மட்டும் தனியாக ஜொலித்தார். சட்டை, வேட்டி, பையிலிருந்த கைக்குட்டை எல்லாம் நீல வெளிச்சம். கலர்த் துணி உடுத்தியிருந்த மற்றவர்கள் வெறும் நிழல்.

"ஆத்தாடி! பாய் என்ன இப்புடி மின்னுறாரு!" என்று கண்ணாத்தாள் இரண்டடி பின்னால் போனாள்.

"மாமா, சட்டையில டீசல் கொட்டிருக்கா?"

"என்னத்தா பேசுற? வெளுத்து எடுத்த சட்டை."

"பாட்டிலை யாரு கழுவுனா?"

மாமா விழித்தார். வாஜித்தான் சொன்னான். "அம்மா. காலேஜுக்குப் போற பாட்டிலு, நாலு பேரு பாக்குற எடம்னு, வெள்ளத் துணிக்குப் போடுற பவுடரப் போட்டுத் தேய்ச்சுக் கழுவுனாங்க. ரெண்டையுமே."

ஆஃபியா விளக்கைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். சுத்தமான பாட்டில்தானே கொடுக்கிறோம் என்று நினைத்து, கழுவ வேண்டாம் என்பதை அவள் சொல்லாமல் விட்டிருந்தாள். சொல்லியிருந்தாலும் மாமி கேட்டிருக்க மாட்டார். புதிதாக வாங்கிய பாத்திரத்தைக்கூட மூன்று முறை தேய்க்காமல் வீட்டுக்குள் எடுக்காத கை அது.

"துணி வெள்ளையாத் தெரியிறதுக்குன்னு அந்தப் பவுடர்ல ஒரு சரக்குச் சேர்க்குறாங்க மாமா. ஊதா வெளிச்சம் பட்டா அதுவும் டீசல் மாதிரியே நீலமா ஒளிரும். பாட்டில் மூலையில கொஞ்சம் ஒட்டியிருந்தாப் போதும், சென்சார் ஏமாந்துரும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வேறொன்று உறைத்தது. பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணாத்தாள் பக்கம் திரும்பினாள்.

"கண்ணாத்தாக்கா, நீங்க துணி எங்க தொவைப்பீங்க?"

"எங்க தொவைப்பாக? கெணத்து மேடையிலதான். தெருவே அங்கிட்டுத்தான் தொவைக்குது."

"பவுடர் போட்டா?"

"பின்ன, சாம்பல் போட்டா தொவைப்பாக?"

துவைத்த தண்ணீர் மேடையிலிருந்து எங்கே போகும்? செம்புறாங்கல் பூமி. சல்லடை போல வடியவிட்டுத் திரும்பக் கிணற்றுக்கே அனுப்பும். ஆஃபியா ஸ்டூலில் உட்கார்ந்தாள். எந்த எண்ணை நம்பி மாமாவை ஊர் முன்னால் நிறுத்தினாளோ, அந்த எண் வெறும் துணிப் பவுடராக இருக்கலாம்.

சூர்யபிரகாஷ் சாருக்கு அது உடனே புரிந்துவிட்டது. அவளை ஜன்னல் ஓரமாக அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார். "இதோட விட்டுருவோம். பாட்டில் சரியில்ல, டெஸ்ட் செல்லாதுன்னு சொல்லி அனுப்பிருங்க. பந்தயமும் போச்சு, உங்க வேலையும் தப்பிச்சுது."

"சென்சார், சார்?"

"அதுக்காகத்தான் சொல்றேன். சோப்புக்கும் டீசலுக்கும் வித்தியாசம் தெரியாத சென்சார்னு பேராயிட்டா, யாரு வாங்குவா?"

"வாங்குனவன் கெணத்துல வச்சு ஏமாந்தா என்ன பேராகும் சார்?" ஆஃபியா எழுந்துவிட்டாள். "ரிப்போர்ட்ல மொத வரியா இதத்தான் எழுதப்போறேன். உங்களுக்குக் கோவம் வந்தாலும் சரி."

மேஜைக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மாமா, போன வாரம் நான் பாத்தது டீசலாவும் இருக்கலாம், சோப்பாவும் இருக்கலாம். எனக்கே இப்பத் தெரியல. ஆனா கண்டுபிடிக்க வழி இருக்கு. முடிவு எனக்கு எதிரா வந்தாலும் சொல்லுவேன். இருந்து பாத்துட்டுப் போங்க."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வழி எளிதானதுதான். ஹெக்ஸேன் என்று ஒரு திரவம். தண்ணீரோடு சேராமல் மேலே மிதக்கும். அதைத் தண்ணீரில் ஊற்றிக் குலுக்கினால், எண்ணெயை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சோப்புச் சரக்கு வராது, தண்ணீரிலேயே தங்கிவிடும்.

காற்றை வெளியேற்றும் மின்விசிறியைப் போட்டுவிட்டு, வாஜித் பக்கத்துக் கடையில் வாங்கிவந்த அதே பவுடரை முதலில் சுத்தமான நீரில் கரைத்தாள். அதில் ஹெக்ஸேன் ஊற்றி, அடியில் திருகு வைத்த கண்ணாடிப் புனலில் குலுக்கி நிறுத்தினாள். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றதும் மேல் பாதியை மட்டும் எடுத்து, சென்சாரை வைத்தாள். எண் அசையவில்லை.

"பாத்துக்கங்க. சோப்பு மேல வரல."

அடுத்தது கண்ணாத்தாள் கிணறு. குலுக்கினாள். நிறுத்தினாள். அது பிரிந்து தெளிந்ததும் மேல் பாதியை எடுத்தாள். சென்சாரை வைக்கும்போது, எண் ஏற வேண்டும் என்று மனசு கெஞ்சியது. அப்படிக் கெஞ்சியதற்காக அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. கிணற்றில் எண்ணெய் இருக்க வேண்டும் என்றா வேண்டிக்கொள்வது?

எண் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை.

இன்னொரு முறை செய்தாள். அப்போதும் பூஜ்யம்.

"கண்ணாத்தாக்கா, ஒங்க கெணத்துல எண்ணெய் இல்ல. நான் சொன்னது தப்பு. ஒங்கள ஒரு வாரம் அலைய விட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க."

கண்ணாத்தாள் வாயைத் திறந்தாள். கொட்டப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "போ தாயி, இல்லாத வரைக்கும் சந்தோசம். இடுப்பு வலிக்கு மட்டும் ஏதாச்சும் தைலம் வாங்கிக் குடுத்துரு" என்றாள்.

ஜெகபர் சாதிக் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "அப்ப பந்தயம்?"

"தோத்துட்டேன் மாமா."

"நல்லது. எழுந்திரு, போவோம்."

"அத்தா, இன்னொரு பாட்டில் இருக்கு" என்றது ஒரு குரல்.

வாஜித்தான். சுவரோரமாக நின்றிருந்தவன் மேஜைக்குப் பக்கத்தில் வந்திருந்தான். ஆஃபியாவுக்கே அவன் குரல் புதிதாக இருந்தது.

"அது எதுக்குடா? அது நம்ம வீட்டுத் தண்ணி. அதுல இருந்தது ஒங்கம்மா பவுடரு."

"ரெண்டு பாட்டிலு கொண்டு வந்தீங்க. ரெண்டையும் பாத்துட்டுப் போவோம்."

ஆஃபியா புனலைக் கழுவி வீட்டுத் தண்ணீரை ஊற்றினாள். பூஜ்யம்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அரை மனதோடுதான் குலுக்கினாள். தோற்ற பிறகு செய்கிற வேலைக்கு என்ன சுறுசுறுப்பு இருக்கும்?

மேல் பாதியை எடுத்துச் சென்சாரை வைத்தாள்.

எண் ஏறியது.

ஒருவேளை புனலில் ஏதும் ஒட்டியிருக்குமோ என்று வேறு புனலை எடுத்தாள். மறுபடியும் ஊற்றி, குலுக்கி, காத்திருந்து வைத்தாள். ஏறியது. சார் அவள் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு முறை செய்து பார்த்தார். அவர் கைக்கும் ஏறியது. சோப்பு மேலே வராது என்று சற்று முன்னால்தான் எல்லோருக்கும் காட்டியிருந்தாள். அது மாமாவுக்கும் நினைவிருந்தது.

"டீசல்" என்றாள் ஆஃபியா. சொல்லும்போது காலையில் பாசிலா இடியாப்பத்துக்குப் பிறகு மடக் மடக்கென்று குடித்த டம்ளர் கண்ணில் வந்தது.

"பின்னாடி இருக்க கெணத்துல இல்ல. தெருவத் தாண்டி இருக்க நம்ம வீட்டுலயா?" மாமாவின் குரலில் கோபம் இல்லை, தடுமாற்றம் இருந்தது.

"பக்கத்துல இருக்குன்னு எண்ணெய் வராது மாமா. சரிவு எங்கிட்டோ அங்கிட்டுப் போகும். நம்ம வீடு பள்ளத்துல இருக்கு."

"எனக்கு வாசம் தெரியாதா? டீசல்லயே பொழைக்கிறவன் நான்."

"அதனாலதான் அத்தா தெரியல" என்றான் வாஜித். "நம்ம வீட்டுல எல்லார் மூக்கும் அதுல பழகிப்போச்சு. அம்மா மூணு தடவை டீத்தூளை மாத்துனாங்க, டீ ஒரு மாதிரி இருக்குன்னு. டேங்குக்குள்ள அளவுக்கம்பி விட்டுப் பாக்கையில டீசலு கொறையுதுன்னு நான் ரெண்டு தடவை சொன்னேன். வெயிலுக்கு ஆவியாகுதுன்னீங்க."

ஜெகபர் சாதிக் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"ஹவ்வா, அடுப்புல என்ன வச்சுருக்க? ... எறக்கிக் கொட்டிரு. ... ஆமா, சோறும்தான். கொடத்துல, பானையில இருக்குறது எல்லாத்தையும் கொட்டு. பிள்ளைக்கு ஒரு சொட்டுக் குடுக்காத. ... காரணம் அப்புறம் சொல்றேன். கடையில கேன் தண்ணி வாங்கியாரச் சொல்லு."

போனை வைத்தார். வைத்த கை மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டதை ஆஃபியா பார்த்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை. பிடித்தால் அடுத்ததைச் சொல்ல முடியாமல் போய்விடும்.

அதற்குள் மாமா தேறிவிட்டார். முதலாளிக் குரல் திரும்பி வந்தது. "பழைய டேங்க நான் பாத்துக்கறேன். இன்னைக்கே மூடிடுறேன். என் வீட்டுத் தண்ணி, என் வீட்டுப் பிரச்சினை. கண்ணாத்தா, ஒனக்கு ஒன் கெணறு நல்லாருக்கு, போதும்ல? சார், நீங்களும் பெரிய மனசு பண்ணுங்க. இது இந்த நாலு செவுத்தோட இருக்கட்டும்."

"பங்க்குக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு மாமா?" என்றாள் ஆஃபியா.

வாஜித் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணாத்தாள்தான் நெஞ்சில் கை வைத்தாள். "பால்வாடி இருக்கே! எம் பேத்தி அங்கதான போகுது. அங்க இருக்க போர் தண்ணியிலதான ஆயா சோறாக்குறா?"

"எங்க பாசிலாவும் அங்கதான்க்கா மத்தியானம் சாப்புடுது."

ஆஃபியா சென்சாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஹெக்ஸேன் புட்டி, புனல், அலமாரியிலிருந்து புதுப் பாட்டில்கள் எல்லாவற்றையும் பையில் அடுக்கினாள். சாரைப் பார்த்தாள். சென்சார் காலேஜ் சொத்து, வெளியே கொண்டுபோக எழுத்து அனுமதி வேண்டும். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாயங்காலத்துக்குள்ள திரும்பி வந்துரணும்" என்றார்.

ஜெகபர் சாதிக் வாசலை மறித்து நின்றார்.

"பந்தயத்துல தோத்தவ நீ. ஊரு முன்னாடி குடுத்த வாக்கு இருக்குல்ல? இன்னையோட காலேஜ விடணும்."

"வாக்குக் குடுத்தது நெசந்தான். மீறுறேன் மாமா. திட்டணும்னா திட்டிக்கங்க. இந்த வேலைய நான் விட மாட்டேன்."

"பால்வாடியில போயி இந்த மெசின வச்சேன்னா, நாளைக்கு பங்க்குக்குப் பூட்டுத்தான். அத்தன பேரு சோத்துல மண்ணு."

"இப்ப அத்தன பிள்ளைக சோத்துல டீசலு."

"ஆஃபியா!" அவர் அவளைப் பேர் சொல்லி அதட்டியது அதுதான் முதல் தடவை. "இந்த வாசலத் தாண்டுன, அப்புறம் என் வீட்டு வாசல நீ மிதிக்க முடியாது."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"ஒங்க வீட்டுத் தண்ணியக் குடிக்கத்தான் முடியாது மாமா. வாசல மிதிக்கலாம். சாயங்காலம் மிதிப்பேன். கதவ நீங்களே தொறப்பீங்க."

ஜெகபர் சாதிக் நகரவில்லை. வாஜித் அப்பாவைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான். அடுத்த நொடி கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. யாரை ஏற்றிக்கொண்டு போக என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, பெண்டாட்டிக்கும் தெரியவில்லை. காரின் முன்கதவு திறந்து, திறந்தபடியே நின்றது.

ஆஃபியா மாமனாரின் தோளை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.